மோட்டாருக்கு ஜுரம்!

"படகு மோட்டாரா? அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். தமிழ் படிக்கிறவர்கள் எல்லோரும் மயிலாப்பூரிலும் மதுரையிலும் மட்டுமா இருக்கிறார்கள்? பாம்பனில் இருக்கிறார்கள், குளச்சலில் இருக்கிறார்கள், கடலுக்கு அப்பால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் இருக்கிறார்கள். அங்கெல்லாம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது, படகின் பின்புறத்தில் மாட்டியிருக்கும் ஒரு மோட்டாரின் தயவால்தான். அந்த மோட்டாருக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த வீட்டுக்கே உடம்பு சரியில்லை என்று அர்த்தம். கடலையே பார்க்காத வாசகர்களும் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை படகு மோட்டாருக்கும் உங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பம்புக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பழைய மோட்டார்களைப் பற்றிய புகார்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, "முன்னைப் போல இழுக்கவில்லை" என்பது. மற்றொன்று, "கிட்டப் போக முடியாமல் கொதிக்கிறது" என்பது. அதாவது சோர்வு, ஜுரம். சில சமயம் இரண்டும் கைகோத்துக் கொண்டு வரும். உடனே மோட்டாரைத் தோளில் தூக்கிக் கொண்டு மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள். முதலில் வந்தது எது? ஜுரமா, சோர்வா?

இதற்குப் பதில் தெரிந்து விட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. ஜுரம் முதலில் வந்து, அதன் பிறகு மோட்டார் தளர்ந்ததென்றால் கோளாறு அநேகமாகத் தண்ணீரில் இருக்கும். சோர்வு முதலில் வந்ததென்றால் எரிபொருளிலோ, தீப்பொறியிலோ, விசிறியிலோ இருக்கும். இதைத் தெரிந்து கொள்ளாமல் ஸ்பானரை எடுத்தால், நல்ல பாகங்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுக் கெட்ட பாகத்தைத் தொடாமலே மூடி விடுவோம்.

*

கடலே ரேடியேட்டர்

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், மில்வாக்கி நகரில் 1909-ஆம் ஆண்டு அவுட்போர்டு மோட்டார்களைச் செய்து விற்க ஆரம்பித்தார். அதன் பலம் ஒன்றரைக் குதிரைச் சக்திதான். ஜப்பானின் யமாஹா கம்பெனி தன் முதல் அவுட்போர்டு மோட்டாரை வெளியிட்டது 1960-இல். எவின்ரூட் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-இல் நின்று போயிற்று. இப்போது புதிதாக வருகிறவற்றில் நாலு ஸ்ட்ரோக் மோட்டார்களே அதிகம். ஆனால் நம் கரைகளில் இன்னும் மூச்சைப் பிடித்துக் கொண்டு உழைக்கும் பழைய ஆசாமிகள் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் ரகம். பேச்சு இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான்.

காரில் ரேடியேட்டர் இருக்கிறது. அதில் ஊற்றிய தண்ணீரே சுற்றிச் சுற்றி வருகிறது. அவுட்போர்டு மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. அதற்குக் கடலே ரேடியேட்டர். தண்ணீருக்குள் முழுகியிருக்கும் காலின் பக்கங்களில் சல்லடை போன்ற சிறு துவாரங்கள் உண்டு. தண்ணீர் அந்த வழியாக நுழைகிறது. அதற்கு மேலே ஒரு சிறு பம்பு. பம்புக்குள் பூவிதழ் போன்ற ரப்பர்ச் சக்கரம். அதற்கு இம்பெல்லர் என்று பெயர். அது தண்ணீரை ஒரு குழாய் வழியாக உச்சியிலுள்ள சிலிண்டர்களுக்கு ஏற்றுகிறது. சிலிண்டரைச் சுற்றி வந்த தண்ணீர், தெர்மோஸ்டாட் என்ற கதவைத் தாண்டி, புகையோடு சேர்ந்து மறுபடி கடலுக்கே போய் விடுகிறது. அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை மட்டும் பின்புறத்தில் ஒரு சிறு துவாரத்தின் வழியாகப் பீச்சி அடிக்கும்படி பல மோட்டார்களில் செய்திருக்கிறார்கள். "உள்ளே தண்ணீர் ஓடுகிறது" என்று சாட்சி சொல்வதற்காக ஏற்பட்ட தாரை அது. இதைச் சாட்சித் தாரை என்றே வைத்துக் கொள்வோம்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோட்டில் கார் நின்றால் இறங்கித் தள்ளலாம். கடலில் மோட்டார் நின்றால் படகு நம் இஷ்டப்படி நிற்காது. காற்றும் நீரோட்டமும் இழுத்த திக்கில் போகும். பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே 1974-இலும், தெற்கே மன்னார் வளைகுடாவில் 1976-இலும் எல்லைக்கோடு வகுத்தார்கள். காற்றுக்கு அந்தக் கோடு தெரியுமா? மோட்டார் செத்த படகு கோட்டைத் தாண்டிப் போய் விட்டால், படகையும் ஆளையும் மீட்பதற்குக் குடும்பம் எத்தனை வாசற்படி ஏற வேண்டியிருக்கும்! பத்து நிமிஷ வேலையைக் கரையிலேயே செய்து விட்டுப் போவது எவ்வளவு மேல் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

*

ஜுரம் முதலில் வந்தால்

தண்ணீர் போகும் பாதையை அடியிலிருந்து உச்சி வரை வரிசையாகப் பார்த்துக் கொண்டே போக வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. சுலபமான காரியங்கள் எல்லாம் அடியில் இருக்கின்றன. செலவு வைக்கும் காரியங்கள் உச்சியில் இருக்கின்றன.

முதலில் சல்லடைத் துவாரங்கள். பாசி, மணல், வலையின் நூல், எல்லாவற்றையும் விட இந்தக் காலத்தில் பிளாஸ்டிக் பை! ஒரு பை வந்து ஒட்டிக் கொண்டால் மோட்டாரின் மூக்கைப் பொத்தின மாதிரிதான். மோட்டாரை நிறுத்தி, காலைத் தூக்கிப் பார்த்து, உரித்து எறிந்தால் தீர்ந்தது. சில படகுகளில் மோட்டாரை அளவுக்கு மேல் உயரமாக மாட்டியிருப்பார்கள். அலையில் ஆடும்போது துவாரங்கள் வெளியே வந்து, தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கும்.

அடுத்தது சாட்சித் தாரை. தாரை நின்றவுடன் பம்பைப் பழி சொல்லாதீர்கள். கரையில் கிடந்த மோட்டாரின் துவாரத்தில் குளவி மண்ணை அடைத்துக் கூடு கட்டியிருக்கும். அல்லது உப்பு இறுகியிருக்கும். ஒரு துண்டு நைலான் தூண்டில் இழையை உள்ளே விட்டு மெதுவாகக் குத்திப் பாருங்கள். சில சமயம் அதோடு வைத்தியம் முடிந்து விடும்.

இன்னொரு எச்சரிக்கை. சாட்சி சில சமயம் பொய் சொல்லும்! சில மோட்டார்களில், தண்ணீர் சிலிண்டரின் தலையைச் சுற்றுவதற்கு முன்பே தாரைக்கு ஒரு பங்கு பிரிந்து விடுகிறது. அப்போது தாரை ஜோராக அடிக்கும். தலை மட்டும் தனியே கொதித்துக் கொண்டிருக்கும். ஆகவே தாரையின் வேகத்தோடு உஷ்ணத்தையும் பார்க்க வேண்டும். மோட்டாரை நிறுத்திய உடனே மூடியைத் திறந்து, சிலிண்டரின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தோசைக் கல்லில் தெளித்த மாதிரி 'சொய்ங்' என்று துள்ளினால் ஜுரம் நூறு டிகிரி செல்ஷியஸைத் தாண்டி விட்டது, சந்தேகமே வேண்டாம். கையை வைத்து மட்டும் பார்க்காதீர்கள்.

மூன்றாவது, இம்பெல்லர். பழைய மோட்டார்களுக்கு வரும் ஜுரத்தில் பெரும்பங்கு இந்த ரப்பர்ச் சக்கரத்தினால்தான். தண்ணீர்தான் இதற்கு வழவழப்பு. ஆகவே தண்ணீரில்லாமல் மோட்டாரைக் கரையில் வைத்துச் சில விநாடிகள் ஓட்டினாலும் ரப்பர் கருகத் தொடங்கி விடும். "ஸ்டார்ட் ஆகிறதா என்று சும்மா பார்த்தேன்" என்பவர்கள் இதை நன்றாக மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தாலும், இதழ்கள் வளைந்தது வளைந்தபடியே இறுகிப் போய், தண்ணீரைத் தள்ளும் சக்தியை இழந்து விடும்.

இம்பெல்லர் தேய்ந்திருப்பதைக் கழற்றாமலே ஊகிக்க ஒரு வழி உண்டு. மெதுவாக ஓடும்போது இதழ்கள் பம்பின் சுவரைத் தொட்டு, தண்ணீரை வாரி வாரித் தள்ள வேண்டும். வேகமாக ஓடும்போது சுழற்சியின் வேகமே தண்ணீரை வீசி எறிந்து விடும். ஆகவே மெதுவாகப் போகையில் சூடாகி, வேகம் கூட்டியதும் ஆறினால், இதழ்கள் தேய்ந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். இதற்கு நேர்மாறாக, மெதுவாகப் போகையில் சுகமாக இருந்து, முழு வேகத்தில் மட்டும் கொதித்தால், வழியில் எங்கோ பாதி அடைப்பு இருக்கிறது. அல்லது மோட்டார் காற்றைக் குடிக்கிறது.

இம்பெல்லரை மாற்றக் காலின் கீழ்ப் பகுதியைக் கழற்ற வேண்டும். முதலில் பிளக் வயர்களைப் பிடுங்கி விடுங்கள். தற்செயலாக மோட்டார் உதைத்துக் கிளம்பி விரலைப் பதம் பார்க்காமல் இருக்கும். கியர்க் கம்பி எங்கே இணைந்திருக்கிறது என்று பார்த்துப் பிரித்த பிறகே இழுக்க வேண்டும். பழைய சக்கரம் கைக்கு வந்ததும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோ காணவில்லை என்றால், "போனால் போகட்டும்" என்று விட்டு விடக் கூடாது. காணாமற் போன துண்டுகள் மேலே ஏறும் குழாயிலோ தெர்மோஸ்டாட்டின் அருகிலோ அடைத்துக் கொண்டிருக்கும். அவற்றைத் தேடி எடுக்காமல் புதுச் சக்கரம் போட்டால் ஜுரம் அப்படியேதான் இருக்கும். பம்புக் கிண்ணத்தின் உட்சுவரும் அடித்தகடும் மணலால் கோடு கோடாகக் கீறியிருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். புதிய சக்கரத்தை மோட்டார் சுழலும் திசையிலேயே திருகிக் கொண்டு உள்ளே இறக்குங்கள். மறுபடி மாட்டும்போது தண்ணீர்க் குழாயின் முனை பம்பின் ரப்பர் வாய்க்குள் சரியாகப் போய் உட்கார்ந்ததா என்று பாருங்கள். அது விலகி நின்றால் பட்ட பாடெல்லாம் வீண்.

நான்காவது, தெர்மோஸ்டாட். உப்புத் தண்ணீர் மிகவும் சூடானால் உப்பு படிகமாகி ஒட்டிக் கொள்ளும். அதனால் இந்த மோட்டார்களில் தெர்மோஸ்டாட் சுமார் 50 முதல் 60 டிகிரியிலேயே திறந்து விடும்படி அமைத்திருக்கிறார்கள். துரு ஏறி மூடியபடி நின்று விட்டால் ஜுரம் நிச்சயம். இதைச் சோதிக்கச் சமையலறையே போதும்! தெர்மோஸ்டாட்டின் வாயில் ஒரு நூலைச் சொருகி, பழைய பாத்திரத்துத் தண்ணீரில் தொங்க விட்டு, அடுப்பை மூட்டுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிப்பதற்கு வெகு முன்பே வாய் திறந்து நூலிலிருந்து நழுவி விழ வேண்டும். கொதித்த பிறகும் நூலை விடாமல் கடித்துக் கொண்டிருந்தால் புதியது வாங்குங்கள். சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்து விடுகிறார்கள். அவசரத்துக்குக் கரை சேர அது உதவும். ஆனால் வழக்கமாகக் கூடாது. அளவுக்கு மீறிக் குளிர்ந்த மோட்டாரில் எரிபொருள் சரியாக எரியாமல் கரி பிடிக்கும். மண்ணெண்ணெய் மோட்டாருக்கு இது இன்னும் கெடுதல்.

இத்தனைக்கும் பிறகு ஜுரம் இறங்கவில்லை என்றால், சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் வழிகளில் உப்பும் மணலும் அடை அடையாகப் படிந்திருக்க வேண்டும். அல்லது தலைக் காஸ்கெட் கசிய வேண்டும். அதற்கு மெக்கானிக்தான் சரி.

*

சோர்வு முதலில் வந்தால்

இங்கேயும் அடியிலிருந்துதான் ஆரம்பம். மோட்டார் 'வீர்' என்று கத்துகிறது. படகோ நகர மாட்டேன் என்கிறது. இப்படியிருந்தால் மோட்டாருக்குச் சோர்வே இல்லை! அதன் உழைப்பு விசிறிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பழைய சிறிய மோட்டார்களில் விசிறியை ஒரு சிறு ஷியர் பின் பிடித்துக் கொண்டிருக்கும். பாறையில் விசிறி மோதினால் தான் முறிந்து கியரைக் காப்பாற்றுவதுதான் அதன் பிறவிப் பயன். அவசரத்துக்கு அந்த இடத்தில் இரும்பு ஆணியைச் சொருகி விடாதீர்கள். அடுத்த மோதலில் ஆணி முறியாது, கியர் முறியும்.

ஷியர் பின் இல்லாத மோட்டார்களில், விசிறியின் நடுவில் ஒரு ரப்பர்ப் புஷ் இருக்கும். அது வழுக்கினாலும் இதே கதைதான். உட்குழாயையும் விசிறியின் வெளி வளையத்தையும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு நேர்கோடு போடுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் திருடன் அகப்பட்டான். வலை நூல் அச்சில் சுற்றியிருந்தால் அதையும் எடுத்து விடுங்கள். அது எண்ணெய் சீலை அறுத்து, கியர்ப் பெட்டிக்குள் கடல் நீரை விட்டு விடும். கியர் எண்ணெய் பால் கலந்த காப்பி மாதிரி வெளுத்திருப்பது அதற்கு அடையாளம். படகின் அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே பாசியும் சிப்பிபோன்ற பூச்சிகளும் அப்பிக் கிடந்தால், பாவம், மோட்டார் என்ன செய்யும்?

அடுத்தது எரிபொருள். டாங்கியின் மூடியில் காற்றுப் போகத் திருகு ஒன்று உண்டு. அதைத் திறக்க மறந்தால், மோட்டார் ஜம்மென்று கிளம்பி, சில நிமிஷங்களில் மூச்சுத் திணறி நின்று விடும். வைத்தியச் செலவு: இரண்டு விரல்! அதற்குப் பிறகும் திணறினால், ஓடும்போதே எரிபொருள் குழாயின் நடுவிலுள்ள ரப்பர்க் குமிழை அமுக்கிப் பாருங்கள். அமுக்கினதும் மோட்டாருக்கு உயிர் வந்தால், எரிபொருள் வேண்டிய மட்டும் போகவில்லை என்று தீர்மானமாகச் சொல்லலாம். குழாயில் வெடிப்பு, வடிகட்டியில் குப்பை, பம்பின் சவ்வில் ஓட்டை, கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு என்று வரிசையாகத் தேட வேண்டும்.

இப்போது இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை உறிஞ்சும் குணமுடையது. பழைய காலத்து ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே வாரக்கணக்கில் கிடந்த பெட்ரோலை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்குத் தங்கினால் அதைத் தள்ளி விடுங்கள். பழைய குழாய்களையும் மாற்றி விடுவது நல்லது.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளக் கரையிலும் வட இலங்கையிலும் மண்ணெண்ணெய் மோட்டார்கள் ஏராளம். அவை பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுகிறவை. நிறுத்துவதற்கு முன் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டி நிறுத்தினால் மறுநாள் தகராறில்லாமல் கிளம்பும். ஆனால் பெட்ரோலுக்கென்றே செய்த மோட்டாரில், விலை மலிவு என்று மண்ணெண்ணெயைக் கலக்காதீர்கள். 'டக் டக்' என்று உள்ளே சுத்தியால் அடிப்பது போன்ற சத்தம் கேட்கும். அடி விழுவது பிஸ்டனுக்கு!

மூன்றாவது, தீப்பொறி. இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒன்று படுத்துக் கொண்டால் மற்றது அதையும் சேர்த்துச் சுமக்கும். பலம் பாதிக்கும் கீழே போய் விடும். பிளக்குகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டாக்டர் நாக்கைப் பார்ப்பது போல அவற்றின் முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியம். கறுத்து ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் எரியவில்லை. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிக உஷ்ணம். ஒன்று மட்டும் கழுவித் துடைத்தாற்போல் பளிச்சென்று இருந்தால், தண்ணீர் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் ஒரு சிலிண்டர் படுத்து, ஆறியதும் மறுபடி எழுந்தால், காயிலில் வெடிப்பு இருக்கலாம். பழைய ஜான்ஸன், எவின்ரூட் மாக்னெட்டோக்களில் பாயிண்டின் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதில் உப்புப் பூத்திருந்தால் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரி பார்க்க வேண்டும்.

*

இரண்டும் சேர்ந்து வந்தால்

தண்ணீர் சரியாக ஓடுகிறது. ஆனாலும் ஜுரமும் சோர்வும் சேர்ந்தே வருகின்றன. ஆபத்தானது இதுதான். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில், பிஸ்டனுக்கு வழவழப்பைக் கொடுப்பது எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெயே. பாதி அடைத்த ஜெட்டினால் எரிபொருள் குறைந்தால், எண்ணெயும் கூடவே குறைகிறது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற கலவை பிஸ்டனை வெளியே தெரியாமல் சுட்டு விடும். இங்கே சோர்வுதான் மூத்தது. ஜுரம் அதற்குப் பிறந்த பிள்ளை. பம்பை எத்தனை முறை மாற்றினாலும் குணமாகாது. கார்புரேட்டரைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

எண்ணெய்க் கணக்கையும் பாருங்கள். ஜான்ஸன், எவின்ரூட் மோட்டார்களில் 1964-க்கு முந்தியவற்றுக்குப் பெரும்பாலும் 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். அதற்குப் பிந்தியவற்றுக்கு 50-க்கு ஒன்று. பத்து லிட்டருக்கு முன்னது ஏறக்குறைய 420 மில்லி. பின்னது 200 மில்லி. பாதிக்குப் பாதி வித்தியாசம்! உங்கள் மோட்டாரின் கைப்புத்தகம் சொல்வதுதான் சட்டம். எண்ணெயும் படகு மோட்டாருக்கென்று விற்கிற டி.சி.-டபிள்யூ.3 ரகமாக இருக்கட்டும். அதிகம் ஊற்றினால் கரி பிடித்துப் புகை வழி அடையும்; அதுவும் சோர்வையும் சூட்டையும் கொண்டு வரும்.

ஓடும் மோட்டார், யாரோ பிரேக் போட்ட மாதிரி தானே வேகம் குறைந்து நின்றால், அலுமினியப் பிஸ்டன் சூட்டில் பருத்துச் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கிறது என்று அர்த்தம். ஆறியதும் அது மறுபடி கிளம்பலாம். "சரியாகி விட்டதே!" என்று சந்தோஷப்பட வேண்டாம். முதல் எச்சரிக்கை அது. இரண்டாவது தடவை நிரந்தரமாகவே பிடித்து விடும். சூடாயிருக்கும்போது மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், உலோகம் வெடிக்கும். நிழல் கொடுத்து, தானாக ஆற விடுங்கள். கரைக்கு வந்ததும் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், இனி பிளக்கும் ஜெட்டும் மாற்றிப் பயனில்லை. உள்ளே வேலை இருக்கிறது. அந்தச் செலவு செய்வதா, வேறு மோட்டார் தேடுவதா என்பதை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

*

கத்தரித்து ஒட்டி வைத்துக் கொள்ள

1. கிளப்பியவுடன் தாரையைப் பாருங்கள். தாரையே இல்லாத மாடலாக இருந்தால், காலின் பின்புறத் துவாரத்தில் புகையோடு தண்ணீர் தெறிக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

2. கடலில் சூடானால் நிறுத்தி, நங்கூரம் போட்டு, சல்லடைத் துவாரத்தை முதலில் பாருங்கள். ஆறிய பிறகு, மெதுவாகவே கரைக்குத் திரும்புங்கள்.

3. படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: துடுப்பு, நங்கூரம், உயிர்காப்பு மிதவை, பிளக் இரண்டு, பிளக் ஸ்பானர், ஷியர் பின், இழு கயிறு, குறடு. இந்தியக் கரையிலிருந்து போகிறவர்கள் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணைப் படகின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.

4. ஒவ்வொரு நாளும் கரை வந்ததும், பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, சல்லடைத் துவாரம் நன்றாக முழுகும்படி நிறுத்தி, கியர் போடாமல் ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து தாரை வெதுவெதுப்பாகும் வரை ஓட்டினால்தான் உள்ளேயுள்ள உப்புக் கரையும். குழந்தைகளை விசிறியின் பக்கம் விடாதீர்கள். மூடிய கொட்டகைக்குள் ஓட்டாதீர்கள், புகை நஞ்சு.

5. இம்பெல்லரை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். மணல் கலங்கும் ஆழமில்லாத இடத்தில் ஓட்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். ஒரு நாள் மீன் விற்ற காசில் ஒரு பகுதியை ரப்பர்ச் சக்கரத்துக்கென்று ஒதுக்கி வைத்தால், மோட்டாருக்கு ஜுரமில்லை. கரையில் காத்திருப்பவர்களுக்கும் கவலையில்லை.